பாலிஷ் போடாமல் புரட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பெட்டியில் கிடைத்த, படம் செதுக்கிய உலோகத் தகடு என்னவென்று புரியவில்லை என ஒரு வாசகர் சென்ற இதழில் கேட்டிருந்தார். பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கியதும் படம் எடுத்து அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்ததும்தான் அவசரமாக இதை எழுத உட்கார்ந்தேன். அது படங்களை அச்சடிக்கப் பயன்பட்ட பழைய செம்புத் தகடாக இருக்கலாம். தயவுசெய்து பாலிஷ் போட வேண்டாம். செம்பு மிருதுவானது, முடியிழைக் கோடுகள் தேய்ந்தால் திரும்ப வராது. என்னிடமுள்ள ஒரு தகட்டில் வானத்து மேகங்களை நானே அப்படித் தேய்த்து அழித்திருக்கிறேன். இன்றும் அதை எடுத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

எழுத்துகள் இருந்தால், அவை எப்படித் தெரிகின்றன? நேராகவே படிக்க வந்தால் அது அநேகமாக அச்சடிக்கும் தகடே அல்ல, பெயர்த்தகடாகவோ அலங்காரப் பொருளாகவோ இருக்கலாம். இடவலம் மாறியிருந்தால், மொபைலில் படமெடுத்துத் திருப்பிப் படியுங்கள். பெயருக்குப் பின்னால் ‘ஸ்கல்ப்’ என்றிருந்தால் அவர் செதுக்கியவர். ‘டெல்’ என்றால் வரைந்தவர். ‘எக்ஸ்க்’ என்றால் வெளியிட்டவர். பிரிட்டனில் 1735ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்புரிமை கோரும் தகட்டில் உரிமையாளர் பெயரும் வெளியிட்ட தேதியும் அந்தக் காலத்தில் இருக்க வேண்டியிருந்தது. அப்படியொரு வரி அடியில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து லென்ஸால் பாருங்கள். கோடுகள் மேடாக நின்று, தகடு மரக்கட்டையில் ஆணியடித்து ஏற்றியிருந்தால், அது அச்செழுத்துகளோடு சேர்த்து அச்சிட்ட பிளாக். படம் முழுக்க வரிசை பிசகாத புள்ளிகளாக இருந்தால், 1880களுக்கு முன்னே போக வேண்டியதில்லை.

கோடுகள் பள்ளமாக இருந்தால் இன்னும் பொறுமையாகப் பாருங்கள். மெல்லத் தொடங்கி, நடுவில் பருத்து, ஊசிமுனையாய் முடியும் கோடு உளி இழுத்தது. ஒரே அகலத்தில் போய் மொட்டையாக நிற்பது அமிலம் அரித்தது. ஒரே தகட்டில் இரண்டும் கலந்திருப்பது சகஜம். காந்தம் இறுகப் பிடித்தால் எஃகுத் தகடு. அந்த வகை 1820களில்தான் பரவியது.

எல்லாரும் பார்க்க மறப்பது பின்புறத்தை. தகடு செய்து விற்றவரின் பெயரும் தெருவும் அங்கே முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கலாம். அந்தக் கடை எந்த ஆண்டுகளில் எந்த விலாசத்தில் இருந்தது என்று தெரிந்தால் தகட்டின் வயதும் தெரிந்துவிடும். என் தகட்டின் பின்னால் முத்திரை இல்லை. ஓரிடத்தில் மட்டும் சுத்தியல் தழும்புகள் கொத்தாக இருக்கின்றன. அதற்கு நேர் முன்புறம் ஒரு பெண்ணின் கை. செதுக்கியவர் பிடிக்காத கையைச் சுரண்டி எடுத்து, பள்ளமான இடத்தைப் பின்னாலிருந்து தட்டி உயர்த்தி, மறுபடி செதுக்கியிருக்கிறார்.

அந்த வாசகர் தகட்டின் பின்புறத்தையும், சாய்ந்த வெளிச்சத்தில், படமெடுத்து அனுப்பட்டும். அதையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய அச்சுத் தகடுகள் சேகரிக்கும் ஒரு வாசகர்