வாலுவுக்கு ஒரு செயின் லாக்

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. "நான் இருக்கேனா இல்லையான்னுகூட அவளுக்குத் தெரியாது" என்று நெட்டையிடம் போனில் சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. திட்டுவதை எல்லாம் நேரில் பார்க்கும்போது திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் என்னைவிட உயர்ந்துவிட்டான். ஒல்லி மறுபடியும் வேலையை விட்டுவிட்டான், காரணம் உனக்கே தெரியும். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவது வேறு விஷயத்துக்காக. உன் அண்ணன் கொடுத்த கியர் சைக்கிளின் செயினை லீவு விட்டதும் கழற்றிக் கழுவப் போகிறாயாம், நெட்டை சொன்னாள். "ஆணியைத் தள்ளி எடு, கழுவு, திரும்ப அதையே தள்ளிவிடு, முடிஞ்சது. நாங்க பார்க்காத செயினா?" என்றாயாம். வாலு, தயவு செய்து அப்படிச் செய்யாதே. நான் அதைத்தான் செய்தேன். இடது உள்ளங்கையில் தோல் உரிந்து, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுதும் கை தப்பித்தது.

நடந்ததைச் சொல்கிறேன். என் சைக்கிளில் பின்னால் 10 பல்சக்கரம். செயின் கறுத்துப் போய், மிதிக்கும்போது மணலை அரைப்பது போலச் சத்தம். கண்ணிகளைக் கோத்திருக்கும் ஆணியைத் திருகித் தள்ளுகிற செயின் கட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஒரு கண்ணியை அதில் வைத்துத் திருகினேன், ஆணி நகர்ந்தது. அந்தப் பக்கத் தகட்டில் நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்தினேன், முழுக்க வெளியே வந்துவிட்டால் திரும்ப நுழைப்பது பெரும்பாடு என்று உன் மாமா சொல்லிக்கொடுத்தது நினைவிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிய பாட்டிலில் செயினைப் போட்டுக் குலுக்கினேன். முதல் தடவை தார் மாதிரி வந்தது, மூன்றாம் தடவை தெளிந்தது. காயவைத்து, அதே ஆணியைத் திருகி உள்ளே தள்ளி, எண்ணெய் விட்டேன். அப்புறம் மூன்று வாரம் அந்த சைக்கிள் ஓடிய அழகைச் சொல்லி முடியாது. சத்தமே இல்லை, பட்டு மாதிரி.

நாலாவது வாரம் ஒரு மேடு. எழுந்து நின்று மிதிக்கிறேன், கூடவே கியரும் மாற்றுகிறேன். 'டப்' என்று ஒரு சத்தம். காலுக்கடியில் பெடல் இருக்கிறது, எதிர்ப்பே இல்லை. படியில் இறங்கும்போது இல்லாத கடைசிப் படியை மிதிப்போமே, அந்த மாதிரி. அடுத்த நொடி தரையில் கிடந்தேன். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது, வாலு. நாலு வினாடி முன்பு ஒரு லாரி என்னைத் தாண்டிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவின கையோடு அறுந்த செயினை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நான் தள்ளி எடுத்துத் திரும்பப் போட்ட அதே இடம். வெளித்தகடு ஆணியிலிருந்து நழுவி, கொக்கி மாதிரி வளைந்து நிற்கிறது. ஆணியின் முனையைச் சுற்றி நகக்கீற்று அளவுக்கு ஒரு பளபளப்பு. மற்ற ஆணிகளைப் பார்த்தால் நுனி லேசாக விரிந்து, குட்டிக் காளானாகத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆலையிலேயே அப்படி அடித்து விரித்துத்தான் அனுப்புகிறார்கள். நான் திருகித் தள்ளினபோது அந்த விரிப்பு சீவிப் போய்விட்டது. தகட்டின் துளையும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். திரும்பப் போட்டபோது அதைப் பிடித்து வைக்க இறுக்கம் மட்டும்தான் மிச்சம். கியர் மாற்றும்போது செயின் பக்கவாட்டில் வளைகிறது இல்லையா, ஒவ்வொரு வளைவுக்கும் தகடு ஒரு மயிரிழை வெளியே நகர்ந்திருக்கிறது. நூற்றுப் பத்துக்கு மேல் கண்ணி உள்ள செயினில் அறுபட ஒன்று போதும்.

"அப்போ மாமா சைக்கிளில் மட்டும் எப்படி நின்றது?" என்று கேட்பாய். நானும் அதையேதான் யோசித்தேன். வழியில் அறுந்த செயினைக் கல்லும் ஆணியும் வைத்துத் தட்டிச் சேர்த்து வீடு வந்தோமே, நீ கேரியரில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தாயே, அது ஒற்றைப் பல்சக்கரம். செயின் நேர்கோட்டில் ஓடும், பக்கவாட்டு இழுப்பு கிடையாது. தகடும் தடி. போதாததற்கு அதில் கிளிப் லாக் இருந்தது, அதாவது செயினின் இரண்டு முனையையும் இணைக்கிற கண்ணி, மேலே மீன் வடிவக் கிளிப்போடு. "மீன் முன்னால நீந்தணும், வாலு பின்னால இருக்கணும்" என்று மாமா கத்துவாரே, அந்தக் கிளிப். (உனக்கு இந்தப் பெயர் வந்த நாளும் அதுதான்.) கிளிப்பின் மூடிய தலை செயின் ஓடும் திசையைப் பார்த்திருந்தால், எதிலாவது பட்டாலும் கழன்று வராது. மாமா சொன்னது அத்தனையும் சரி, ஆனால் அந்தச் செயினுக்குச் சரி.

அடிப்படை அமைப்பு என்னவோ அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். கண்ணிகளுக்குள் குட்டி உருளைகள் சுழலும் இந்த உருளைச் சங்கிலிக்கு ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் காப்புரிமை வாங்கினார். சைக்கிளில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. மாமா சைக்கிளிலும் அதே அளவு, உன் அண்ணன் சைக்கிளிலும் அதே அளவு. மாறியது அகலம். பின்னால் பல்சக்கரம் கூடக் கூட செயினை ஒல்லியாக்க வேண்டியிருக்கிறது. 8 சக்கரத்துக்கான செயின் வெளி அகலம் 7 மி.மீ. சுமார், 11 சக்கரத்துக்கு ஐந்தரை. உள்ளே பல் நுழைய இடம் விட்டாக வேண்டும், அதை அதிகம் குறைக்க முடியாது. அதனால் தகடு மெலிந்தது, ஆணியின் நுனி வெளியே நீட்டாமல் தகட்டோடு தகடாக நிற்கிறது. உன்னுடையது 11. என்னுடையதைவிடவும் மெலிசு. அதனால்தான் இப்படிப் பக்கம் பக்கமாகப் புலம்புகிறேன்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் செயினை மெதுவாகச் சுற்றி, மற்றதிலிருந்து வடிவம் மாறிய கண்ணி ஏதாவது இருக்கிறதா பார். இருந்தால் அதுதான் லாக், செயினின் இரண்டு முனையையும் இணைக்கிற கண்ணி. இரண்டு பாதியாக வரும், ஒவ்வொன்றிலும் ஒரு தகடு, ஓர் ஆணி. இரண்டு ஆணியையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கினால்தான் திறக்கும். அதற்கென்றே குறடு இருக்கிறது. இல்லாவிட்டால் பழைய ஷூ லேஸை லாக்கின் இரண்டு பக்கமும் செயினுக்குள் விட்டு, முனைகளைக் குறுக்காக மாற்றிப் பிடித்துச் சுண்டி இழு. லாக் இல்லையென்றால் கட்டர்தான். செயினில் வெளித்தகட்டுக் கண்ணியும் உள்கண்ணியும் மாறி மாறி வரும். இந்தத் தடவை வெளித்தகட்டுக் கண்ணி ஒன்றின் இரண்டு ஆணிகளையும் முழுக்கத் தள்ளி, அந்தக் கண்ணியையே எடுத்துப் போட்டுவிடு. இப்போது இரண்டு முனையிலும் உள்கண்ணி நிற்கும். எடுத்த இடத்தில் லாக் உட்காரும், செயின் நீளம் மாறாது. ஷிமானோ நிறுவனத்தின் செயின்களுக்குப் புது இணைப்பு ஆணி தனியாகக் கிடைக்கும், முன்னால் வழிகாட்டி நுனியோடு வரும், உள்ளே தள்ளிய பின் அந்த நுனியை முறித்துவிட வேண்டும். அதுவும் நல்ல வழிதான். பழைய ஆணி மட்டும் வேண்டாம்.

கழற்றுவதற்கு முன் செயின் போகும் வழியைப் படம் எடுத்து வைத்துக்கொள். இதையும் பட்டுத்தான் சொல்கிறேன். புதுச் செயின் போட்டபோது லாக்கை மாட்டி, 'டக்' என்று விழுந்த சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப் போய் பெடலைச் சுற்றினேன், கறகற என்று அரைக்கிறது. கியர் மாற்றும்போது செயினை நகர்த்துகிற, பின்னால் தொங்குகிற டீரெய்லரில் இரண்டு குட்டிப் பல்சக்கரம் இருக்குமே, அவற்றுக்கு நடுவே கூண்டுத் தகட்டில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதற்கு உள்பக்கமாகப் போக வேண்டும். நான் அதன் மேலேயே விட்டிருந்தேன். கழற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் அந்த லாக் ஒரே தடவைக்கானது, திறந்தால் புதிது போடு என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறது. அன்று ராத்திரி அழுகையே வந்துவிட்டது. சின்னவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொண்ணு வாங்கிக்கலாம்மா, இன்னொரு தடவை விழாதே" என்றான். வாங்கினேன்.

புதுச் செயின் ஏன் என்றால், பழையது தேய்ந்தும் போயிருந்தது. ஸ்கேலை வைத்து அளந்து பார். ஆணியின் நடுவிலிருந்து எண்ணினால் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். என்னுடையது 2 மி.மீ.க்கு மேல் தாண்டியிருந்தது. தகடு நீள்வதில்லை, உள்ளே ஆணியும் அது உராயும் இடமும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியும் துளித்துளியாக விலகுகிறது. உன் 11-க்கு ஒன்றரை மி.மீ. தாண்டினாலே மாற்றிவிடு, இல்லாவிட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். மாற்றுவதாக இருந்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுக் கண்ணால் அளந்து வெட்டாதே. என் பழைய செயின் முழு நீளத்துக்கு ஒரு செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தது, ஒரு கண்ணிக்குக் கொஞ்சம்தான் குறைவு. உட்கார்ந்து எண்ணு. எனக்கு மூன்று தடவை எண்ணினால்தான் நிம்மதி.

மாட்டும்போது இரண்டு முனையையும் ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டால் கைக்கு வேலை சுலபம், டீரெய்லர் இழுத்துக்கொண்டு ஓடாது. லாக்கைக் கையால் சேர்த்த பிறகு, அது மேல்பக்கம் வரும்படி பெடலைச் சுற்று. பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலை ஒரே மிதி. அந்தச் சத்தம் வரும். வந்தாலும் குனிந்து இரண்டு பக்கமும் பார், ஆணி குழியின் கடைசி வரை போய் உட்கார்ந்திருக்கிறதா என்று. அப்புறம் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், கொஞ்ச நேரம் விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடு. எண்ணெய் வேலை செய்வது உள்ளேதான், வெளியே மிச்சமிருப்பது தூசியைத்தான் பிடிக்கும்.

இந்த உறைக்குள் நாலாக மடித்த காகிதத்தில் இரண்டு லாக் வைத்திருக்கிறேன், 11-க்கானது. ஒன்று மாட்ட, ஒன்று அந்த நாக்கை மறந்துவிட்டால். காகிதத்தைப் பிரிக்கும்போது மடியில் துணி விரித்துக்கொள், பாதி பாதியாகக் கீழே விழும். வேலையைத் தொடங்குகிற அன்று காலையில் கூப்பிடு. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய், பெடலை மிதிக்கும்போது அந்த 'டக்' எனக்கும் கேட்க வேண்டும்.

உன்,
ரெட்டைச்சடை