உளுந்தும் சீரகமும்

அன்புத் தம்பிக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் பேசினால் நீ 'ம்', 'சரிப்பா' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு.

அறுப்பின் பண்டிகைக்கு நம் சபை ஐயர் என்னைப் பேசச் சொல்லிவிட்டார். வேதத்தில் வருகிற விவசாயிகளைப் பற்றி, பத்து நிமிஷம். ஒரு மாதமாக ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆள் தேடுகிறேன். முதல் ஆளே காயீன், நிலத்தைப் பயிரிடுகிறவன். தம்பியைக் கொன்ற அவனை எடுத்தால் பண்டிகை கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். எலிசா பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தபோதுதான் எலியா தீர்க்கதரிசி வந்து, பின்னே வா என்பதுபோல அவன்மேல் சால்வையைப் போட்டார். ஏர்மாட்டையே அடித்து, ஏரின் மரத்தையே விறகாக்கிச் சமைத்து, ஊருக்குப் போட்டுவிட்டுக் கிளம்பினான். போனதற்காக அவனை யாரும் குறை சொல்லவில்லை. நீ போனபோது நானும் சொல்லவில்லை. நம் தெருவில் முதல் இன்ஜினியர் நீதான் என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்கிறேன்.

உபாகமம் 11ஐ எடுத்துப் பார். எகிப்தில் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவது போலக் காலால் தண்ணீர் பாய்ச்சினீர்கள், இனி போகிற தேசம் வானத்து மழையைக் குடிக்கிற தேசம் என்கிறார் மோசே. எகிப்து நைல் பாசனம், கானான் மானாவாரி, அவ்வளவுதான். ஐப்பசி வாக்கில் முன்மாரி விழுந்தால்தான் அங்கே உழவு. பங்குனியில் பின்மாரி தவறினால் மணி பிடிக்காது. பஸ்கா பண்டிகை சமயம் வாற்கோதுமை அறுப்பு, அதிலிருந்து 50 நாளில் பெந்தெகொஸ்தே பண்டிகை, கோதுமை அறுப்பு. காலால் பாய்ச்சுவது என்றால் என்ன என்று படித்தவர்கள் ஏதேதோ அர்த்தம் சொல்கிறார்களாம். மடைவாயில் மண்ணைக் காலால் தள்ளி அடைத்தவனுக்கு இதில் என்ன சந்தேகம்? அப்படிப் பார்த்தால் தாமிரபரணிக் கால்வாயை நம்பிப் பிழைக்கிற நாம்தான் எகிப்துக்காரர்கள். அம்மாவிடம் சொன்னேன், பண்டிகையில் இதைப் பேசாதீர்கள் என்கிறாள்.

அங்கே வேலை எப்படிப் போகிறது? உன் ஆபீஸ் நம்பருக்கு ஒரு நாள் அடித்தேன், வேறு யாரோ எடுத்தார்கள். சரி, அது கிடக்கட்டும். பணம் அனுப்பாததைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் பார்த்துக்கொள்கிறான். வெளியில் சாப்பிடாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

பங்கைப் பிரித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன கெட்ட குமாரன் கதையை நான் தொடவே இல்லை, நீ ஒன்றும் அப்படிப் போனவன் இல்லை. ஆனால் தம்பி வீடு திரும்புகிற நேரத்தில் மூத்தவன் வயலில் இருந்தான் என்று லூக்கா எழுதியிருக்கிறார், பார்த்தாயா? அந்தக் குடும்பத்தில் விவசாயி அவன்தான். அண்ணனிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏசாயா 28இல் வந்துதான் நின்றுவிட்டேன். உளுந்தைத் தூலத்தால் போரடிப்பதில்லை, சீரகத்தின் மேல் வண்டி உருளையைச் சுற்றவிடுவதில்லை. உளுந்து கோலினாலும் சீரகம் மிலாற்றினாலும் அடிக்கப்படும். மிலாறு என்றால் மெல்லிய கம்பு. அது உளுந்து இல்லை, மூலத்தில் கருஞ்சீரகம் என்கிறார் ஐயர். இருக்கட்டும். நாமும் களத்தில் உளுந்தைக் கம்பால்தானே தட்டுகிறோம்? எதை எதனால் அடிக்க வேண்டும் என்று அந்த விவசாயிக்குத் தேவனே போதித்தாராம்.

எனக்கும் போதித்திருப்பார், நான்தான் கேட்கவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது வடக்கு வயலுக்கு ராத்திரித் தண்ணீர் முறை வந்தது. உன்னை மடைக்குக் காவல் வைத்தேன். புத்தகத்தை மடியில் வைத்தபடி வரப்பிலேயே தூங்கிவிட்டாய். மடை உடைந்து நாற்றெல்லாம் போனது. தார்க்கம்பால் அடித்தேன். ஆணி இல்லாத பக்கமாகத் திருப்பித்தான் அடித்தேன் என்று இத்தனை வருஷமும் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். திருப்பவில்லை. உன் கெண்டைக்காலில் இருப்பது சைக்கிளில் விழுந்த தழும்பு என்று அம்மா இன்னும் சொல்கிறாள், உனக்குத் தெரியும். அண்ணனையும் அப்படித்தான் அடித்து வளர்த்தேன், அவன் தாங்கினான். நீ அன்று அழவே இல்லை. அன்றிலிருந்துதான் 'ம்' என்று பேச ஆரம்பித்தாய்.

இதைப் பண்டிகையில் பேச மாட்டேன்.

வடக்கு வயல் மடையை அண்ணன் சிமெண்ட் வைத்துக் கட்டிவிட்டான். இனி காவலுக்கு ஆள் வேண்டாம். புது உளுந்து ஐந்து கிலோ பார்சல் போட்டிருக்கிறேன், உன் பழைய விலாசத்துக்குத்தான். அங்கே நீ இல்லையென்றால் எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுது.

அப்பா