போர்டை மட்டும் மாத்துனா போதும்னு எழுதுறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு கட்டுரை வந்துச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அதுக்காக பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுறாதீங்க, மதர்போர்டு, ப்ராசசர், ரேம் மூணை மட்டும் மாத்துங்க, கேபினெட், எஸ்எம்பிஎஸ் (உள்ள இருக்கிற பவர் சப்ளை பெட்டி), ஹார்ட் டிஸ்க் எல்லாம் அப்படியே ஓடும்னு போட்டிருந்தீங்க. எழுதினவரு நல்ல மனசோடதான் எழுதிருக்காரு, அதுல ஒண்ணும் குறை சொல்லல. ஆனா அதைப் படிச்சுட்டு போர்டை வாங்கி மஞ்சப்பைல போட்டுக்கிட்டு கடை வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு பதில் சொல்ல வேண்டியது என்னைப் போல சர்வீஸ்காரங்கதான். லெட்டர் கொஞ்சம் நீளமாத்தான் போகும். வெட்டுறதா இருந்தா என் புலம்பலை வெட்டுங்க, அளவு போட்டிருக்கிற இடத்தை மட்டும் விட்டுருங்க.

எனக்கு உச்சிப்புளில கடை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரைனு ஜெராக்ஸ் கடை, இ-சேவை, ஸ்டூடியோ, லாட்ஜ், ஐஸ் கம்பெனி எல்லாத்துலயும் பெட்டியைத் திறந்து பாக்குறவன். இங்க கடைங்கள்ல இருக்கிறது பெரும்பாலும் அசெம்பிள் சிஸ்டம் கிடையாது. பெங்களூரு, சென்னைல ஆபீஸ்காரங்க கழிச்சுவிட்ட பிராண்டட் டெஸ்க்டாப்தான், துடைச்சு ஸ்டிக்கர் ஒட்டி செகண்ட் ஹேண்டா வர்றது. விலை கம்மி, பாக்க கெத்தா இருக்கும், நல்லாவும் உழைக்கும், நானே நிறையப் பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன். அதை வாங்குறது தப்பில்ல. ஆனா உங்க கட்டுரைல சொன்ன வைத்தியம் அந்தப் பெட்டிக்குப் பொருந்தாது, அதை ஒரு வரி கூட சொல்லலங்கிறதுதான் என் பிரச்னை.

ஏன் பொருந்தாதுன்னா, கடைல தனியா விக்கிற போர்டு எல்லாம் ஒரு பொது அளவுக்குக் கட்டுப்பட்டது. 1995-ல இன்டெல் கொண்டு வந்த ஏடிஎக்ஸ்ங்கிற அளவு, அப்புறம் அதைக் குறைச்சு மைக்ரோ ஏடிஎக்ஸ், அதையும் விட சின்னதா 2001-ல வியா கம்பெனி கொண்டு வந்த மினி ஐடிஎக்ஸ். ஸ்க்ரூ ஓட்டை எங்க இருக்கணும், பின்பக்க போர்ட்டுக்கு எவ்வளவு இடம் விடணும்னு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு, அதனாலதான் எவனோ செஞ்ச போர்டு எவனோ செஞ்ச கேபினெட்ல உக்காருது. பிராண்டட் ஆபீஸ் பெட்டி, அதுலயும் அந்த ஒல்லி மாடல், இந்தக் கணக்குக்குள்ள வர்றதே இல்ல. அவங்க போர்டு அவங்க பெட்டி, அவ்வளவுதான்.

தங்கச்சிமடத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற ஒரு அக்கா கொண்டு வந்ததைச் சொல்றேன். எங்க பக்கம் மீன்பிடி தடைக்காலத்துல, அதாவது ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கரைல கிடக்கிற நேரத்துல, கடைங்கள்லயும் கூட்டம் இருக்காது, சிஸ்டத்தை சர்வீசுக்குத் தூக்கிட்டு வர்றதும் அப்பதான். அக்கா பழைய ஒல்லி டெஸ்க்டாப்பையும் பிரிக்காத புது மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டையும் டேபிள்ல வச்சு, "தம்பி, பேப்பர்லயே போட்டிருக்கான், மாத்திக் குடு, சாயந்திரம் வந்து எடுத்துக்கிறேன்"னு கிளம்பப் பாத்தாங்க. இருங்கக்கானு உக்கார வச்சு பெட்டியைத் திறந்து காமிச்சேன்.

பழைய போர்டைக் கழட்டினா கீழத் தகடுல பித்தளை ஸ்டட், அதாவது போர்டைத் தாங்கி ஸ்க்ரூ புடிக்கிற குட்டிக் கால், ஒண்ணு கூட இல்ல. தகடையே அச்சுல அடிச்சு அங்கங்க மேடு தூக்கி அதுலயே மரை போட்டிருக்கு. பித்தளை ஸ்டட்னா தேவையில்லாததைக் கழட்டி வேற ஓட்டைல மாட்டலாம், தகட்டு மேட்டை என்ன பண்றது? புது போர்டை அதுமேல வச்சா ஒரு ஓட்டை கூட சரியா வரல, ரெண்டு மேடு போர்டோட அடிப்பக்கம் ஈயம் வச்ச இடத்துலயே முட்டுது. அப்படியே ஸ்விட்ச் போட்டா என்ன ஆகும்னா, ஃபேன் ஒரு துடி துடிச்சு நின்னுரும். எஸ்எம்பிஎஸ் நல்லதா இருந்தா ஷார்ட்னு தெரிஞ்சு தானா கட் ஆகும், மட்டமானதா இருந்தா போர்டு போயிரும். சரி பின்பக்கமாவது பாப்போம்னு திருப்பினா அங்கயும் நீட்டு சதுர ஓப்பன் கிடையாது, பழைய போர்டோட யுஎஸ்பி, விஜிஏ, லேன் எங்கெங்க இருந்துச்சோ அங்கங்க தகடுலயே தனித்தனியா வெட்டியிருக்கு. புது போர்டோட எச்டிஎம்ஐ தகடுக்கு நேரா போய் நிக்குது. அக்காவோட வீட்டுக்காரரு கூட வந்திருந்தாரு, போட்டுல போறவரு, எட்டிப் பாத்துட்டு "வல்லத்து இஞ்சினைத் தூக்கி விசைப்படகுல வைக்கச் சொல்லிருக்கான் பேப்பர்காரன்"னு சிரிச்சாரு. அக்கா சிரிக்கல, காசு அவங்களோடது.

தகடை அறுத்து ஃபைல் போட்டு மாத்துறவங்க இருக்காங்க, நானும் பண்ணியிருக்கேன், மெனக்கெட்டா முடியும். ஆனா அதோட விஷயம் முடியல, எஸ்எம்பிஎஸ் இருக்கே. கடைல விக்கிற போர்டுக்கு 24 பின் பிளக் வேணும், ப்ராசசர் பக்கத்துல தனியா 4 பின்னோ 8 பின்னோ வேணும். ஆபீஸ் பெட்டி சிலதுல எஸ்எம்பிஎஸ்ஸுலருந்து வெறும் 12 வோல்ட்தான் வரும், பிளக்கும் 6 பின், 8 பின்னுனு அவங்க இஷ்டத்துக்கு இருக்கும், ஹார்ட் டிஸ்க்குக்கு வேணுங்கிற 5 வோல்ட்டை போர்டே தயார் பண்ணிக் குடுக்கும். புது போர்டு எஸ்எம்பிஎஸ்ஸுலருந்தே 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாத்தையும் எதிர்பாக்கும், அது வராது. மார்க்கெட்ல ஒரு கன்வெர்டர் ஒயர் கிடைக்குதே அண்ணேனு பசங்க கேக்குறாங்க, கிடைக்கும், ஆனா அது சாதா எஸ்எம்பிஎஸ்ஸை கம்பெனி போர்டுல மாட்டுறதுக்கு. இது தலைகீழ் கேஸ், இல்லாத வோல்ட்டை ஒயர் எங்கருந்து கொண்டு வரும். சரி வேற எஸ்எம்பிஎஸ் வாங்குவோம்னா சாதா ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், அந்த ஒல்லிப் பெட்டில அதுக்கு இடமே கிடையாது. ஆக போர்டு மாத்தப் போய் எஸ்எம்பிஎஸ், அப்புறம் கேபினெட், கடைசில பழசுல மிஞ்சுறது ஹார்ட் டிஸ்க்கும் பவர் கார்டும்தான்.

சிலபேரு இதையே மாத்தி யோசிச்சு, கம்பெனி போர்டு நல்லாத்தான இருக்கு, பெட்டி துருப்பிடிச்சிருச்சு, போர்டை எடுத்து புது கேபினெட்ல வைப்போம்ங்கிறாங்க. அதுலயும் வம்பு இருக்கு. முன்பக்க பட்டன் ஒயர் அவங்கள்து ஒரே கட்டையா இருக்கும், நம்ம கேபினெட்ல பவர் ஸ்விட்ச், ரீசெட், ரெண்டு லைட்டுனு தனித்தனியா வரும். சில மாடல்ல ப்ராசசர் சூட்டை இழுக்கிற ஹீட்சிங்க்கோட ஸ்க்ரூ போர்டைத் தாண்டி கீழ இருக்கிற தகடுலதான் இறங்கும், புது கேபினெட்ல அங்க புடிக்க ஒண்ணும் இருக்காது. எல்லாத்தையும் சமாளிச்சு ஆன் பண்ணா, முன்பக்க ஃபேனைக் காணோம், கேபிளைக் காணோம், எஃப்1 அமுக்குனு திரைல நிக்கும். பாம்பன் பக்கம் ஒரு ஸ்டூடியோல டெய்லி காலைல கடை திறந்ததும் எஃப்1 அமுக்குறது சாமி படத்துக்குப் பூப்போடுற மாதிரி ஒரு வழக்கமாவே ஆயிருச்சு. ஓடுது, நானும் விட்டுட்டேன்.

அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடுறதா இருந்தா இந்த அளவையும் சேத்துப் போடுங்க. ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. டேப்பு இல்லன்னா கேபினெட் பின்னாடி கார்டு போடுற பட்டையை எண்ணலாம், 7 இருந்தா ஏடிஎக்ஸ் போர்டு போகும், 4 இருந்தா மைக்ரோ வரைக்கும், இந்த ஒல்லிப் பெட்டில எண்ணிக்கையை நம்பாதீங்க. நம்பவேண்டியது பின்பக்க ஓப்பனை. போர்ட்டுங்க எல்லாம் கழட்டி மாட்டுற மாதிரி ஒரே தகடுல இருந்து, அந்தத் தகடைத் தள்ளினா 158 மி.மீ. சொச்சம் நீளம், 44 மி.மீ. சொச்சம் அகலம் ஓட்டை வந்தா அது பொது அளவு பெட்டி, தைரியமா போர்டு வாங்கலாம். தகடே வெட்டுன மாதிரி இருந்தா வாங்காதீங்க, எவ்வளவு கம்மி விலைன்னாலும்.

பொது அளவு பெட்டியா இருந்தாலும் விலை கம்மி போர்டுல ஒண்ணு கவனிக்கணும். மைக்ரோ ஏடிஎக்ஸ்னு பேர் போட்டிருக்கும், ஆனா அகலத்தைக் குறைச்சிருப்பான், வலது ஓரத்துல ஸ்க்ரூ ஓட்டையே இருக்காது, ஆறு ஸ்க்ரூலதான் நிக்கும். 24 பின் பிளக் அந்த ஓரத்துலதான் இருக்கு, அழுத்திச் சொருகும்போது போர்டு கீழ வளையிறது கண்ணுக்கே தெரியும், அடில கைவிரலைக் குடுத்துத் தாங்கிக்கிட்டுதான் சொருகணும். பசங்க யூட்யூப் பாத்து அப்படியே அமுக்கிடுறாங்க.

எங்க ஊரு உப்புக்காத்தைப் பத்தியும் சொல்லியாகணும், பாம்பன் பாலத்து இரும்பையே திங்கிற காத்து, கேபினெட் தகடு எம்மாத்திரம். கடலைப் பாத்த ஜன்னல் பக்கம் வச்ச பெட்டில ஸ்க்ரூ துருப்பிடிச்சு ஸ்டட்டோட ஒட்டிக்கும், கழட்டுனா ஸ்டட்டும் சேந்து கழண்டு வரும், வந்ததைக் கவனிக்காம விட்டா அடுத்த போர்டு ஒரு பக்கம் தாங்கல் இல்லாம நிக்கும், இல்லன்னா கழண்ட ஸ்டட் போர்டுக்கு அடிலயே கிடந்து ஷார்ட் ஆக்கும். போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி எத்தன ஸ்டட், எந்தெந்த ஓட்டைல இருக்குனு பாத்து, போர்டுல ஓட்டை இல்லாத இடத்துல இருக்கிறதைக் கழட்டிருங்க. ரேம் கால்ல பச்சை ஏறியிருந்தா பள்ளிக்கூட ரப்பர் வச்சு மெதுவா தேச்சா போதும்.

கீழக்கரைல ஒரு காக்கா (அந்த ஊர்ல முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) துபாய்லருந்து வரும்போது மகனுக்கு நல்ல போர்டா பெரிய ஏடிஎக்ஸ் வாங்கிட்டு வந்தாரு, வீட்டுல இருக்கிற கேபினெட் மைக்ரோ. இங்க வாங்கிருந்தாலாவது மாத்திக் கேக்கலாம். அதுக்கும் சந்தேகம்தான், ப்ராசசர் சாக்கெட் மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழட்டிட்டா நிறைய கடைல தொட்டுப் பாக்க மாட்டாங்க, பின் வளைஞ்சிருக்குனு சொல்லிருவாங்க. அதனால போர்டைப் பெட்டிக்குள்ள வச்சு ஓட்டை சேருதானு பாக்குற வரைக்கும் அந்த மூடியைக் கழட்டாதீங்க.

ஹார்ட் டிஸ்க் அப்படியே ஓடும்னு போட்டதும் பாதிதான் உண்மை. பழைய முறைல விண்டோஸ் போட்ட டிஸ்க்கை நிறைய புது போர்டு பூட் பண்ணாது, அதே டிஸ்க்கைப் புது முறைக்கு மாத்திதான் போடணும், மாத்துறதுக்கு முன்னாடி வேற டிஸ்க்குல காப்பி எடுத்து வைக்கணும். இன்டெல்னா 8-வது ஜெனரேஷனுக்குக் கீழ உள்ள ப்ராசசரை விண்டோஸ் 11 லிஸ்ட்ல அனேகமா சேக்கல. 6, 7-வது ஜெனரேஷன் போர்டுல 8-வதைச் சொருகலாம்னு நினைக்காதீங்க, சாக்கெட் பேரு ரெண்டுக்கும் 1151-தான், ஆனா ஓடாது. டிடிஆர்3 ரேம் டிடிஆர்4 போர்டுல நுழையவே நுழையாது, அதுல ஏமாற வழியில்ல.

செகண்ட் ஹேண்ட் பெட்டி விக்கிறவங்க பில்லுல ஐ5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டினு மட்டும் எழுதித் தர்றாங்க. அதோட ரெண்டு விஷயம் சேத்து எழுதணும்: போர்டு பொது அளவா கம்பெனி அளவா, எஸ்எம்பிஎஸ் 24 பின்னா இல்லையா. எழுத ஒரு நிமிஷம் ஆகாது. 2019 நுகர்வோர் சட்டத்துலயே வாங்குற பொருளோட தரத்தையும் விலையையும் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்கு, 1915-க்கு போன் பண்ணி கேக்கவும் செய்யலாம். ஆனா ஒரு ஜெராக்ஸ் கடைக்காரங்க கடையைப் பூட்டிட்டு கேசுக்கு அலைய மாட்டாங்க, அதனால கேக்க வேண்டியதை வாங்குறப்பவே கேக்கணும், நீங்க போட்டீங்கன்னா கேப்பாங்க. இங்க பேப்பர்ல வந்ததுன்னா அதுக்கு இன்னும் மதிப்பு இருக்கு.

அந்த அக்காவுக்கு சாதா கேபினெட், எஸ்எம்பிஎஸ் ரெண்டும் வாங்கித்தான் புது போர்டை மாட்டிக் குடுத்தேன். பழைய ஒல்லிப் பெட்டி, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் போட்டு டைப்பிங்குக்கு ஓடுது, அதையும் உங்க கட்டுரைல ஒரு வழியா சொல்லியிருக்கலாம், காசே செலவில்ல. அடுத்த இணைப்புல எஸ்எம்பிஎஸ் பத்தி எழுதுறதா கீழ போட்டிருந்தீங்க, அதுல ஒல்லிப் பெட்டிக்கு வர்ற டிஎஃப்எக்ஸ், எஸ்எஃப்எக்ஸ் அளவையும் படத்தோட போடுங்க, வெட்டி கடைச் சுவத்துல ஒட்டி வச்சுக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.