திருகோணமலை இங்கிலிஷ் ரீச்சர்மாருக்கு: பிள்ளையள் கண்ட மிருகத்தப் பத்திக் கதைக்க விடுங்க

அன்பான சேர்மார், ரீச்சர்மார், வலயக் கல்வி அலுவலகத்தில இங்கிலிஷுக்குப் பொறுப்பா இருக்கிற ஆசிரிய ஆலோசகர்மார் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் உப்புவெளிப் பக்கம் பின்னேரத்தில பிள்ளையளுக்கு இங்கிலிஷ் சொல்லிக் குடுக்கிற ஆள். ஆறாம் ஆண்டில இருந்து ஓ எல் வரைக்கும் வருவாங்க. வைல்ட் அனிமல்ஸ் எண்ட பாடம் எந்த வகுப்பில வந்தாலும் லயன், டைகர், சீப்ரா, ஜிராஃப் எண்டு பேர் பாடமாக்குறது, பேந்து அ பிரைட் ஒஃப் லயன்ஸ், அ பெக் ஒஃப் வுல்வ்ஸ் எண்டு கூட்டத்துக்குப் பேர், குட்டிக்குப் பேர், சத்தத்துக்குப் பேர், கடைசியா டெஸ்ட்ல கீறிட்ட இடம் நிரப்புறது, இவ்வளவுதான். மார்க்ஸும் வருது. அதே பிள்ளையிட்ட, கோட்டைக்குள்ள மான் நிண்டதே, என்ன செஞ்சுகொண்டு நிண்டது, இங்கிலிஷ்ல சொல்லு எண்டு கேட்டா வாய் திறக்குதில்ல. எனக்கு இது பெரிய கவலையா இருக்கு, அதான் எழுதுறன்.

சிங்கத்தயும் வரிக்குதிரையயும் விடச் சொல்லேல்ல. வாசிக்கிற நேரம் அந்தப் பேரெல்லாம் வரும், தெரிஞ்சிருக்கத்தான் வேணும். ஆனா கதைக்கப் பழகிற பிள்ளைக்கு முதல்ல சொல்லுறதுக்கு எண்டு சொந்தமா ஒரு விஷயம் வேணும். அது எங்கட ஊரில கொட்டிக் கிடக்கு. கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டை முழுக்கப் புள்ளிமான், நிலாவெளிக்கு முன்னால புறாத்தீவில கருமுனைச் சுறாவும் ஆமையும், மூதூர் வெருகல் பக்கம் மகாவலி கடலில விழுற இடங்களில முதலை, கந்தளாய் சேருவில பக்கம் யானை. இதுக்கெல்லாம் மேல திமிங்கிலம்.

திமிங்கிலத்தப் பத்திக் கொஞ்சம் கூடவே சொல்லுறன், ஏனெண்டா ஒரு முழுத் தவணைக்கும் கதைக்க அதில சாமான் இருக்கு. கோணேசர் கோயில் நிக்கிற சுவாமி மலைக்குக் கீழ கடல் சட்டெண்டு ஆழமாப் போகுது, கடலுக்கடியில பெரிய பள்ளத்தாக்கு, அதால உலகத்திலயே பெரிய உயிரான நீலத்திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருது. 1980களின்ர தொடக்கத்தில டுலிப் எண்ட படகில வந்த ஆராய்ச்சிக்காரர் எங்கட கடலிலதான் அதுகளப் பாத்து எழுதினவங்க. தென்மேற்குப் பருவக்காத்துக் காலத்தில தெற்குக் கரையில மிரிஸ்ஸப் பக்கம் கடல் கொந்தளிக்கும், இங்க அடங்கிக் கிடக்கும், அப்பதான் ரூரிஸ்ட் ஆக்கள் போட்டில போவாங்க. போட்டுக்காரங்க தூரத்தில தண்ணி பீச்சுறதப் பாத்தே இனத்தச் சொல்லுவாங்க. நீலத்திமிங்கிலம் எண்டா நேரா உயரமா எழும்பும், ஸ்பெர்ம் வேல் எண்ட மற்றத் திமிங்கிலம் எண்டா கட்டையா முன்னுக்கு இடப்பக்கம் சரிஞ்சு வரும், அதுக்கு மூச்சுத் துவாரம் தலையின்ர இடப்பக்கத்தில இருக்கிறதால. இத போர்டில ரெண்டு படமாக் கீறி வட்ஸ் த டிஃபரன்ஸ் எண்டு கேட்டுப் பாருங்க. டோல், ஷோட், ஸ்ட்ரெயிட், லெஃப்ட் எண்டு தெரிஞ்ச சொல்லிலயே பதில் வரும். இட் கேம் அப், இட் லிஃப்டட் இட்ஸ் டெயில், இட் வென்ட் டவுன். மூண்டு சின்ன வசனத்தில பாஸ்ட் டென்ஸ் வந்திட்டு. அப்பா கடலுக்குப் போற பிள்ளை ஒராள் என்ர வகுப்பில அண்டைக்கு மட்டும் நிப்பாட்டாமக் கதைச்சுது, பிழை விட்டுவிட்டுத்தான், நான் இடையில திருத்தேல்ல.

பிள்ளையள் மாறிப் பிடிக்கிறது ஒண்டு இருக்கு. மிருகத்தின்ர வழமையச் சொல்லேக்க எலிபன்ட்ஸ் ஈட் கிராஸ், நான் கண்டதச் சொல்லேக்க த எலிபன்ட் வோஸ் ஈட்டிங். ரெண்டும் வேற வேற கதை, ஆனா எங்கட பிள்ளையளுக்கு எல்லாத்துக்கும் ஈட்டிங்தான். ரூலா எழுதிப் போட்டா ஏறாது. கோட்டை மானை வச்சே ரெண்டையும் கேக்கலாம். கிடாய்க்கு வருஷா வருஷம் கொம்பு விழுந்து திரும்ப முளைக்கும், அது வழமை. வெள்ளிக்கிழமை ஒரு மான் பொலித்தீனச் சப்பிக்கொண்டு நிண்டது, அது கண்டது. அப்பிடியே பிளீஸ் டோன்ட் ஃபீட் தெம் எண்டு ஒரு ரூரிஸ்டுக்கு மரியாதையாச் சொல்லவும் பழக்குங்க, புறாத்தீவில முருகைக்கல்லுக்கு மேல ஏறி நிக்கிறவங்களுக்கும் அதே மாதிரி ஒரு வசனம் வேணும்.

யானை விஷயத்தில மட்டும் கவனமா இருங்க எண்டு கெஞ்சிக் கேக்கிறன். சார்ட்டில யானை சிரிச்சுக்கொண்டு நிக்கும், எலிபன்ட்ஸ் ஆர் ஃப்ரெண்ட்லி எண்டு எழுதச் சொல்லுவம். ஈச்சிலம்பற்றையில இருந்து வாற பிள்ளைக்கு யானை எண்டா இரவில தென்னை முறியுற சத்தம், வெடி கொளுத்துற சத்தம், வயல் போச்சுதெண்டு விடிய அம்மா அழுகிறது. சொந்தத்தில ஆளப் பறிகுடுத்த பிள்ளையளும் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு ஐ வோஸ் அஃப்ரெய்ட் எண்ட வசனத்த முதல்ல குடுங்க. சொல்ல விருப்பமில்லாட்டி விட்டிருங்க. பெரிய வகுப்பெண்டா யானையின்ர பக்கத்தயும் எடுக்கலாம். 2025 பெப்ரவரியில மட்டக்களப்பில இருந்து போன மீனகயா ரயில் ஹபரணைப் பக்கம் யானைக் கூட்டத்தில மோதிப் பல யானை செத்தது எல்லாப் பிள்ளையளுக்கும் தெரியும். ரயில் மெதுவாப் போக வேணுமா, வேலி போடுறதா, என்ன செய்யலாம் எண்டு கேட்டா ஷுட் (செய்ய வேணும் எண்டுறது), பிகோஸ் எல்லாம் தேவைப்பட்டு வரும், நாங்க திணிக்கத் தேவையில்ல.

இன்னொண்டும் யோசிச்சுப் பாருங்க. 1987 அரசியலமைப்பின்ர பதிமூண்டாவது திருத்தத்தில இங்கிலிஷ இணைப்பு மொழி எண்டு எழுதி வச்சிருக்கு. எங்கட மாவட்டத்தில அதுக்கு இதவிட நல்ல பாடம் எனக்குத் தெரியேல்ல. கந்தளாயில இருக்கிற சிங்களப் பிள்ளைக்கும் தோப்பூரில இருக்கிற முஸ்லிம் பிள்ளைக்கும் வெருகல் தமிழ்ப் பிள்ளைக்கும் யானைப் பயம் ஒண்டுதான். மூண்டு பேரையும் ஒரு மேசையில இருத்தினா இங்கிலிஷ்ல கதைக்கிறதுக்கு உண்மையான காரணம் இருக்கும்.

ஆலோசகர்மாரிட்டக் கேக்கிறது இதுதான். வலய மட்ட ஆங்கில தினப் போட்டியில மனப்பாடம் செஞ்ச பேச்சோட சேத்து, பிள்ளை தான் கண்ட ஒரு மிருகத்தப் பத்தி ரெண்டு நிமிஷம் பேப்பர் இல்லாமக் கதைக்கிற ஒரு நிகழ்ச்சியும் வையுங்க, நடுவர் ரெண்டு கேள்வி கேக்கட்டும், இலக்கணப் பிழைக்கு மார்க்ஸ் குறைக்காம விளங்குதா எண்டு பாத்து மார்க்ஸ் போடுங்க. அடுத்த ரீச்சர்மார் செமினாரில ஒரு மணித்தியாலம் இதுக்கு ஒதுக்குங்க, வனஜீவராசிகள் திணைக்கள ஆக்கள் ஒராளையும் போட்டுக்காரர் ஒராளையும் கூப்பிடுங்க. மான், ஆமை, திமிங்கிலப் படங்களோட நான் செஞ்சு வச்சிருக்கிற கேள்வி அட்டையள் இருக்கு, எந்தப் பள்ளிக்கூடம் கேட்டாலும் கொப்பி எடுத்துச் சும்மா தாறன்.