எம்.ஏ. பொருளாதாரம்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

எம்.ஏ. எங்கே சேரலாம், சென்னைப் பல்கலைக்கழகமா, டெல்லிக்கு முயற்சி செய்யலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை எடுத்தாலும் மைக்ரோ, மேக்ரோ, புள்ளியியல், எக்கனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் அலசும் பாடம்) என்று அதே தலைப்புகள்தான் இருக்கும். கணக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நீ பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை. அதனால் இதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

ஒருவரிடம் 100 ரூபாய் இருக்கிறது. வாழைப்பழம் 2 ரூபாய், முட்டை 5 ரூபாய். அவருடைய பயன்பாட்டுச் சார்பு, அதாவது அவருக்குக் கிடைக்கும் திருப்தியின் அளவு, இரண்டின் எண்ணிக்கையையும் பெருக்கி வருவது என்று வைத்துக்கொள். பி.ஏ.வில் ஒரே திருப்தி தரும் சேர்க்கைகளைக் காட்டும் சமநோக்கு வளைகோடு வரைந்து, கையிலுள்ள பணத்தில் வாங்க முடிவதைக் காட்டும் பட்ஜெட் கோடு தொடும் இடத்தைக் காட்டினால் மதிப்பெண் வந்துவிடும். எம்.ஏ.வில் 25 பழம், 10 முட்டை என்று நீயே கண்டுபிடிக்க வேண்டும். அதோடும் விடமாட்டார்கள். பழம் 4 ரூபாய் ஆகிவிட்டது, அவர் பழைய திருப்தியிலேயே இருக்க எவ்வளவு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். 25 பழத்துக்கும் 2 ரூபாய் கூடுதல், அதனால் 50 ரூபாய் என்று சட்டென்று தோன்றும். உண்மையில் 41 ரூபாய் 42 காசு போதும், ஏனென்றால் அவர் பழத்தைக் கொஞ்சம் குறைத்து முட்டையைக் கூட்டிக்கொள்வார். விலை ஏறும்போது சம்பளத்தை எவ்வளவு ஏற்றுவது என்கிற அகவிலைப்படி விவாதத்தின் அடியில் கிடப்பது இந்தக் கணக்குதான். இதைப் போட்டுப் பார்க்க உனக்கு ஆசை வருகிறதா? வந்தால் எந்த இடத்துக்கும் நீ முயற்சி செய்யலாம். வகையீடு, அணிகள், நிகழ்தகவு மூன்றையும் இப்போதே தொடங்கிவிடு.

டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் 1949இல் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கியது. அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பாடம் எடுத்த இடம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூயெட் முதுநிலைத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக முடியும். இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தனித் தேர்வு, அது பெரும்பாலும் கணக்கின் பலத்தில் நிற்கும். ஆனால் கிடைத்துவிட்டால் உதவித்தொகையோடு படிக்கலாம். திருவனந்தபுரத்தில் கே.என். ராஜ் 1971இல் ஆரம்பித்த வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடங்கள், அருமையான நூலகம். நம் ஊரிலிருந்து டெல்லி போவதைவிட எவ்வளவோ பக்கம். கோட்டூர்புரத்தில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் நிதிப் பொருளாதாரம் போன்ற பிரிவுகள் உண்டு. வங்கி, நிதி நிறுவன வேலைக்குப் போக நினைப்பவர்களுக்குப் பொருத்தமானது, கட்டணம்தான் பல்கலைக்கழகத்தைவிடக் கூடுதல்.

சரி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். 'வேறெங்கும் கிடைக்காவிட்டால் அங்கே' என்று நீ எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. 1915இல் அங்கே முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்துவிட்டு வந்தவர், மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேள்விப் பட்டியலோடு விசாரிக்கச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918இல் புத்தகமாக வந்தன. அதில் ஒரு ஊர் எது தெரியுமா? நம் திருநெல்வேலி பக்கத்துக் கங்கைகொண்டான்! நீ மதுரை பஸ்ஸில் போகும்போது சிப்காட் போர்டு பார்ப்பாயே, அதே ஊர். முப்பதுகளில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்குத் திரும்பவும் போய் ஆய்வு நடத்தினார்கள். அந்தப் புத்தகத்தில் இருந்த இன்னொரு ஊரான, விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டை எண்பதுகளிலும் 2008இலும்கூட ஆய்வு செய்தார்கள். ஒரே ஊரை ஏறத்தாழ நூறு வருஷமாகத் தொடர்ந்து பார்ப்பது லேசுப்பட்ட காரியமா?

உன் பி.ஏ. புராஜெக்ட்டைப் படித்தேன். நம் தெருவில் பீடி சுற்றும் பெண்களிடம் போய், ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, கழிவு என்று எத்தனை பீடியைத் தள்ளுகிறார்கள், வேலையைப் பதியும் கம்பெனி பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். கடைசிக் கேள்வி யாருக்கும் எளிதில் தோன்றாது. இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குச் சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் கடைசி வாய்ப்பு இல்லை, முதல் வரிசையிலேயே வைக்க வேண்டிய இடம். அடையாறில் மால்கம் ஆதிசேஷையா நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பற்றி அங்கே நிறைய வேலை நடந்திருக்கிறது.

என்னைக் கேட்டால் சென்னை, திருவனந்தபுரம் இரண்டையும் முதலில் வை. டெல்லிக்கும் எழுது, ஆனால் அது கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வீட்டில் உட்காராதே.

எம்.ஏ. முடித்து பி.எட். போட்டால் டீச்சர் வேலை என்று அக்கா, அதாவது உன் அம்மா, சொல்வதில் தப்பில்லை. அதோடு இந்தியப் பொருளாதாரப் பணி என்று ஒன்று இருப்பதையும் அம்மாவிடம் சொல். யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு. எழுத்துத் தேர்வின் 1000 மதிப்பெண்ணில் 800 பொருளாதாரத் தாள்களுக்குத்தான்.

செலவு பற்றி மாமாவிடம், அதாவது உன் அப்பாவிடம், நான் பேசிக்கொள்கிறேன். நீ அந்தப் பழக் கணக்கைப் போட்டு அனுப்பு. எங்கே மாட்டிக்கொள்கிறாய் என்று பார்த்தால் எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது என்று சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
மாமா