கையடக்கக் கணினி ஆர்வலர் கழகம்: 2025ஆம் ஆண்டிற்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, கழக உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கழக நடவடிக்கைகளைப் பற்றிய அறிக்கையை இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டின் அறிக்கை சுருக்கமாக இருந்ததென்று பாராட்டியவர்கள் இம்முறை சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஆண்டின் பெரும்பகுதியை, பழைய கருவிகளை வைத்திருக்கும் நமது இரும்பு அலமாரியே எடுத்துக்கொண்டது. அறிக்கையிலும் அதற்கே மிகுதியான இடம் போயிருக்கிறது.

ஆண்டுத் தொடக்கத்தில் 29 உறுப்பினர்கள் இருந்தோம். மூவர் விலகினர், ஐவர் சேர்ந்தனர். விலகியவர்களுள் ஒருவர், வீட்டில் இனி இடமில்லை என்று மனைவியார் சொல்லிவிட்டதாகக் கூறி, தம்மிடமிருந்த கருவிகள் அனைத்தையும் இரண்டு பெட்டிகளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விடைபெற்றார்; அவற்றில் ஒன்றுக்குக்கூட மின்னூட்டி இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டியது என் கடமை. சேர்ந்தவர்களுள் இருவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள். பாம் வகைக் கையடக்கக் கணினிகளில் முதலாவதான பைலட் கருவி 1996இல் விற்பனைக்கு வந்தபோது அவர்கள் பிறக்கவே இல்லை. மாதக் கூட்டம் வழக்கம்போல் இரண்டாம் சனிக்கிழமைகளில் சமூக மன்ற அறையில் நடைபெற்றது. தீபாவளி மாதமான அக்டோபரில் மட்டும் கூட்டம் கூடவில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தன்று அலமாரியைத் திறந்தபோது, மேல்தட்டிலிருந்த ஒரு கையடக்கக் கணினியின் பின்மூடி தானாகவே எழும்பி நிற்பதைக் கண்டோம். உள்ளே இருந்த லித்தியம் அயன் மின்கலம் உப்பியிருந்தது. இவ்வகை மின்கலம் பழையதாகிப் பல ஆண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்தால், குறிப்பாக வெப்பமான இடத்தில் கிடந்தால், உள்ளிருக்கும் வேதிக் கரைசல் சிதைந்து வாயு உண்டாகிறது. வெளியேற வழியில்லாத அந்த வாயுவே உறையை உப்பச் செய்கிறது. ஓர் ஊசியோ திருப்புளியோ தவறிப் பட்டால் தீப்பற்றக்கூடும். அன்று மாலையே அதனைத் தனியாக எடுத்துப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தினோம். மறுவாரம் கூடிய செயலவை, அலமாரியிலுள்ள எல்லாக் கருவிகளிலிருந்தும் எல்லா மின்கலங்களையும் உடனே அகற்றிவிடுவதென்று முடிவெடுத்தது.

அந்த முடிவு அவசரத்தில் எடுக்கப்பட்டது என்பதை அதில் கலந்துகொண்டவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். மார்ச் மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "கலத்தை எடுத்தால் கருவி பிழைக்கும், அதற்குள் இருப்பது செத்துவிடும், அது யாருக்கும் நினைவில்லையா?" என்று கேட்டபோது அறையில் எவருக்கும் மறுமொழி இல்லை. புதிய உறுப்பினர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. இன்றைய திறன்பேசி, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதுகிறது. அன்றைய பாம் கருவிகளும், ஹெச்பி நிறுவனத்தின் 200எல்எக்ஸ் போன்றவையும், மைக்ரோசாஃப்ட் இயங்குதளத்தில் ஓடிய முதற்கால பாக்கெட் பிசி கருவிகளும் பயனர் எழுதியவற்றை மின்சாரம் இருக்கும் வரையில் மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் வைத்தன. 200எல்எக்ஸில் இரண்டு ஏஏ மின்கலங்கள் தீர்ந்தாலும் சிஆர்2032 நாணயக்கலம் ஒன்று துணைக்கு இருந்து காக்கும். பாம் கருவிகளில் மின்கலம் மாற்ற ஏறத்தாழ ஒரு நிமிட அவகாசம் உண்டு. அந்த நிமிடம் கடந்தால் முகவரிகள், குறிப்புகள், நாட்குறிப்பு எல்லாம் போய், கருவி கடையிலிருந்து அன்றுதான் வாங்கிவந்ததுபோல் வெறுமையாக எழுந்திருக்கும். விண்டோஸ் மொபைல் 5.0 இயங்குதளம் வெளிவந்த 2005க்குப் பிறகே பாக்கெட் பிசி கருவிகளுக்கு இந்தத் தொல்லை நீங்கியது.

ஆகவே முடிவு மாற்றப்பட்டது. முதலில் ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பார்த்து, உள்ளடக்கம் இருந்தால் கணினிக்குப் படியெடுத்து, அதன் பின்னரே மின்கலத்தை எடுப்பது என்ற வரிசையை வகுத்துக்கொண்டோம். இந்த வேலை ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்தது. பழைய கருவிகளை இணைக்கும் தொடர்வரிசைத் துளையுள்ள மடிக்கணினி இன்று எவரிடமும் இல்லாததால், சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் டவரில் வாங்கிய யூஎஸ்பி மாற்றிகளே கைகொடுத்தன. கார மின்கலங்கள் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த தொடுமுனைகளை, பஞ்சில் தொட்ட காடியால் துடைத்துச் சுத்தம் செய்தோம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரமாகையால் மெல்லிய அமிலமே அதற்கு மருந்து. ரப்பர் பூச்சு பிசுபிசுத்துப் போன உறைகளோடு இரண்டு உறுப்பினர்கள் ஒரு சனிக்கிழமை முழுவதும் மல்லுக்கட்டினர். அதிகாலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் இவ்வூரில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நம்பியிருந்தது போதாது என்பதும் தெளிவானது. புகைப்படக்காரர்கள் படக்கருவிகளை வைக்கும் ஈரம்நீக்கும் பேழை ஒன்றை வாங்கலாமா என்பது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

இயக்கிப் பார்த்த கருவிகளுள் பெரும்பாலானவை வெறுமையாகவே இருந்தன. ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல, அந்தக் குடும்பத்தாரின் இசைவைப் பெற்றிருக்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவர் மே மாதத்தில் தம் தந்தையாரின் பாம் III கருவியைக் கொண்டுவந்தார். 1998இல் வெளிவந்த வகை. தந்தையார் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. எனவே உள்ளே ஒன்றும் இராது என்றே நினைத்தோம். அழுத்தியதும் திரை எழுந்தது. அதன் காரணம் பின்னர்தான் தெரிந்தது: இந்தக் கருவியின் மின்கலத்தை ஒரு நிமிடத்திற்குள் மாற்றிவிட வேண்டும் என்று கணவர் என்றோ சொல்லிவைத்ததை நினைவில் கொண்டு, அவருடைய துணைவியார் மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரண்டு ஏஏஏ மின்கலங்களை வாங்கிவந்து, பழையதைக் கழற்றுவதற்கு முன்பே புதியதைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றிவந்திருக்கிறார். ஒருமுறைகூட அவர் கருவியைத் திறந்து படித்ததில்லை. எழுத்தாணி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

பாம் கருவியைக் கணினியோடு இணைத்துப் படியெடுக்கும் ஹாட்சிங்க் முறையில் குறிப்புகள் அனைத்தையும் எடுத்தோம். கடைக்கணக்கு, ரயில் நேரம், கோயில் நன்கொடை ஆகியவற்றுக்கு நடுவே, தமக்குத்தாமே எழுதிக்கொண்ட வரிகளும் இருந்தன. மொழி தமிழ், எழுத்தோ ஆங்கிலம். ள, ண போன்றவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தால் வேறுபடுத்திக் காட்டுவதுண்டு. பாம் திரையில் எழுதும் முறையான கிராஃபிட்டியில் ஒவ்வோர் எழுத்தையும் எழுத்தாணியின் ஒரே இழுப்பில் எழுதலாம்; ஆனால் பெரிய எழுத்து வேண்டுமென்றால் முன்னதாக மேல்நோக்கி ஓர் இழுப்பு கூடுதலாகத் தேவை. விரைந்து எழுதுபவர் யாரும் அதைச் செய்யமாட்டார். அதனால் ல, ள, ழ மூன்றுக்கும் அவர் ஒரே எழுத்தைத்தான் பயன்படுத்தியிருந்தார். ன, ண வேறுபாடும் இல்லை.

குறிப்புகளைத் தமிழ் எழுத்துக்கு மாற்றித் தரலாம் என்று தொடங்கிய வேலை, மருத்துவமனையில் இருந்த வாரத்தில் அவர் எழுதிய ஒரு வரியில் நின்றுபோனது. 'வந்த வலி தெரியவில்லை' என்பதா, 'வந்த வழி தெரியவில்லை' என்பதா? வி, ஏ, எல், ஐ என்ற நான்கு எழுத்துகள் இரண்டையும் தாங்குகின்றன. நோயின் வலி குறைந்திருந்ததாக மகன் படித்தார். கடந்துவந்த வாழ்க்கையை நினைத்து எழுதியது என்று அன்னையார் படித்தார். யார் படித்தது சரி என்று சொல்லும் தகுதி கழகத்திற்கு இல்லை. மாற்றும் முயற்சியைக் கைவிட்டு, இருந்தது இருந்தபடியே அச்சிட்டு இருவருக்கும் ஒவ்வொரு படி கொடுத்தோம். நம்மிடம் படி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இதன் தொடர்ச்சியாக, படியெடுத்த உள்ளடக்கம் கருவியின் உரிமையாளருக்கோ குடும்பத்தாருக்கோ உரியது, கழகம் அதை வைத்திருக்காது என்ற விதியைச் செயலவை முன்மொழிகிறது.

ஏப்ரலில், தமிழ்மொழி விழா நடைபெறும் மாதத்தையொட்டி, நம் அளவில் ஒரு சிறு காட்சி அமைத்தோம். கையில் அடங்கும் கருவிக்குள் தமிழ் வந்த கதையே பொருள். 1997இலும் 2000த்திலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடிய ஊர் இது. கைப்பேசியில் தமிழ் எழுதும் செயலியான செல்லினம் 2005 பொங்கலையொட்டி அறிமுகமானதும் இவ்வூரில்தான். எனவே வந்தவர்களுள் பலர் பார்வையாளர்களாக இல்லாமல் சாட்சிகளாகவே பேசினர். யூனிகோடு எழுத்துரு இருந்தும் எழுத்துகளை முறைப்படி கோத்துக் காட்டும் மென்பொருள் இல்லாத கருவிகளில் 'தெரு' என்று தட்டினால், தகரத்திற்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். இதை நேரில் காட்டியபோது மாணவர்கள் சிரித்தார்கள், அந்தக் கொம்போடு வாழ்ந்தவர்கள் சிரிக்கவில்லை. குறுஞ்செய்திக் கணக்கையும் காட்டினோம். ஆங்கிலத்தில் 160 இடம் உள்ள குறுஞ்செய்தி தமிழுக்கு வரும்போது 70 இடமாகச் சுருங்குகிறது. 'வாழ்த்துகள்' என்பது இலக்கணப்படி ஆறெழுத்து, யூனிகோடு கணக்கில் 11 இடம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் ஏன் அவ்வளவு சிக்கனமாக வாழ்த்திக்கொண்டோம் என்பது இதனால் விளங்கும்.

அதே காட்சியில் 200எல்எக்ஸ் கருவி தனி மேசை பெற்றது. 1994இல் வந்த இக்கருவியின் வரிசை எண் 'எஸ்ஜி' என்று தொடங்குவது சிங்கப்பூரில் செய்யப்பட்டதன் அடையாளம். எம்எஸ்-டாஸ் 5.0 இயங்குதளம், லோட்டஸ் 1-2-3 கணக்குத்தாள் இரண்டும் உள்ளேயே பதிக்கப்பட்டு, இரண்டு ஏஏ மின்கலங்களில் வாரக்கணக்கில் ஓடும் கணினியைச் செய்த ஊரில், அதைப் பார்த்திராத இளையர் பலர் இருப்பது எனக்கு வியப்பாகவே இருந்தது. நம் பொருளாளர் இன்றும் சந்தாக் கணக்கை அதில்தான் போடுகிறார். கணக்காய்வாளர் அதை ஏற்றுக்கொண்டது கழகத்தின் நற்பேறு.

தொலைபேசி வசதியுள்ள கருவிகளுக்கு இது நல்ல ஆண்டாக அமையவில்லை. 2017 ஏப்ரலில் 2ஜி சேவை நின்றபோதே நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் முதலியவை ஊமையாகிவிட்டன. 2024இல் 3ஜியும் நின்றதால், எஞ்சியிருந்த நோக்கியா என்95 போன்றவற்றுக்கும் இவ்வாண்டு முழுவதும் அழைப்பும் இல்லை, குறுஞ்செய்தியும் இல்லை. மாணவ உறுப்பினர் ஒருவர், சிறிய மென்பொருள் வானொலிக் கருவியைக் கொண்டு அறைக்குள் மட்டும் எட்டும் 2ஜி நிலையம் ஒன்றை நாமே அமைக்கலாம் என்று படத்தோடு விளக்கித் திட்டம் கொடுத்தார். திட்டம் மிக நேர்த்தியானது. ஆயினும் உரிமம் இல்லாமல் அந்த அலைவரிசையில் எதையும் ஒலிபரப்புவது சட்டத்திற்குப் புறம்பானது என்பதால் செயலவை அதை ஏற்கவில்லை. அவருடைய ஏமாற்றம் புரிகிறது. மாற்றாக ஜூலையில் அகச்சிவப்புக் கதிர் மாலை ஒன்று நடத்தினோம். இரண்டு கருவிகளை நேருக்கு நேர் பிடித்து முகவரி அட்டைகளைப் பரிமாறிக்கொள்ள எந்த நிறுவனத்தின் கட்டமைப்பும் தேவையில்லை. நோக்கியா 9210 கம்யூனிகேட்டரிலிருந்து பாமுக்கும், பாமிலிருந்து சையான் சீரீஸ் 5 கையடக்கக் கணினிக்கும் ஒரே அட்டை கைமாறிச் சென்றபோது எழுந்த கைதட்டலைக் கேட்டுப் பக்கத்து அறை யோகா வகுப்பினர் எட்டிப் பார்த்தனர்.

மாற்று மின்கலம் வாங்குவதில் இவ்வாண்டும் ஒருமுறை ஏமாந்தோம். புதியதென்று விற்கப்பட்டவை பழைய கலங்கள்மீது புது உறை போர்த்தியவையாக இருந்தன. பணம் திரும்பவில்லை. இனி எந்த மின்கலத்தையும் அளந்து பார்க்காமல் கருவிக்குள் பொருத்துவதில்லை என்று தொழில்நுட்பக் குழு முடிவு செய்துள்ளது. பழுதுபார்க்க இயலாதவற்றை, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்ட பின்னரே, மின்னணுக் கழிவுத் தொட்டிகளில் சேர்க்கிறோம். உப்பிய மின்கலங்களை ஒருபோதும் அத்தொட்டிகளில் போட வேண்டாம், அவற்றைத் தனியே ஒப்படைக்க வேண்டும் என்பதை உறுப்பினர்கள் வீட்டிலும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

வரவு செலவை முன்வைக்கும் பொறுப்பு பொருளாளருடையது. சங்கப் பதிவகத்திற்கு அனுப்ப வேண்டிய ஆண்டு விவரம் இக்கூட்டம் கணக்கை ஏற்றபின் அனுப்பப்படும்.

இறுதியாக அலமாரிச் சாவியைப் பற்றி ஒரு சொல். நான்கு ஆண்டுகளாக அது என்னிடமே இருக்கிறது. நான் ஊரில் இல்லாத இரண்டு சனிக்கிழமைகளில் உறுப்பினர்கள் பூட்டிய அலமாரியின் முன் காத்திருந்து திரும்ப நேர்ந்தது. இரண்டாம் சாவியைத் தொழில்நுட்பக் குழுவிடம் ஒப்படைக்க இன்று தீர்மானம் வருகிறது, அதை நானே முன்மொழிகிறேன். அத்துடன் இவ்வறிக்கையையும், உள்ளடக்கம் குறித்த புதிய விதியையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கத்துடன்,
செயலாளர்