பூநகரிக் கரையில் ஒரு மாலை: பாரிஸில் இருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். காலிக் கோட்டை மதிலில் ஒரு மாலை, மிரிசாவில் ஒரு மாலை, நுவரெலியாவில் இரண்டு நாள், கடைசியில் நல்லூர்த் திருவிழா. வன்னி எங்கே என்று தேடினேன். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை வான் வாகனத்தில் ஓட்டம், பிள்ளைகள் அந்நேரம் நித்திரை கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான். வன்னியில் பிறந்த தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் அதைக் கண்மூடிக் கடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை. உன்னைப் போலவே ஆடி, ஆவணியில் வந்து ஏ9 வீதியில் விரைந்து போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

தெற்குக் கரையின் மாலையைக் குறை சொல்ல மாட்டேன். காலி மதிலில் நின்று பார்த்திருக்கிறேன், அழகுதான். ஆனால் பொழுது கடலில் விழுவதைக் காட்டத்தான் பிள்ளைகளை அவ்வளவு தூரம் கூட்டிப் போகிறாய் என்றால், எங்கள் ஊரிலும் ஒரு மாலை நில். அதற்காக ஒரு நாளைக் கூடக் குறைக்கத் தேவையில்லை. கிளிநொச்சியைத் தாண்டிப் பரந்தன் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் பூநகரி. அங்கிருந்து ஏ32 வீதி சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து நாவற்குழிக்குப் போகிறது. நாவற்குழிக்கு வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டாய். ஆனையிறவு வழியாகப் போவதற்குப் பதிலாக இந்த வழி, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே பாலம் கிடையாது. போருக்கு முன்பு பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாகனங்களும் சனங்களும் அக்கரை போனார்கள். 288 மீற்றர் நீளமான இன்றைய பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாலத்துக்கு இரு பக்கமும் கடல்நீரேரிக்குள் மண் நிரப்பி உயர்த்திய வீதி நீளமாகப் போகிறது. வானை அந்த வீதியோரத்தில் பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல். பாலத்தின் மேலே நிறுத்த வேண்டாம். பஸ்களும் லொறிகளும் அங்கே வேகம் குறைப்பதில்லை, பிள்ளைகளின் கையை விடாதே.

நான் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் ஓகஸ்ட் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் கிடக்கும். சூரியன் அங்கே சரிந்து சரிந்து இறங்குகிறது, அதன் வட்டம் அடிவானத்தைத் தொட்டு முழுதாக மறைய மூன்றரை நிமிடம் அளவில் எடுக்கும். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறோம். இங்கே அது ஏறக்குறைய நேராக விழும், இரண்டே கால் நிமிடத்தில் வட்டம் போய்விடும். அதற்குப் பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். நீ வரும் நாட்களில் ஆறரை மணியை ஒட்டிப் பொழுது படும். கார்த்திகை மாதமென்றால் ஆறு மணிக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போதே பட்டுவிடும். ஆகவே ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். இன்னும் நேரம் இருக்கிறது என்று பாரிஸ் பழக்கத்தில் பரந்தன் சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டு இருந்துவிடாதே.

அந்த ஒரு மணித்தியாலத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. தண்ணீர் ஆழமில்லாதது. கரையிலிருந்து வெகுதூரம் வரை முழங்கால் அளவில் நடந்து போகிற ஆட்களைக் காணலாம். தடிகளை வரிசையாக நட்டுச் சிறகுவலை கட்டியிருப்பார்கள், வெயில் சாயச் சாய அந்தத் தடிகளின் நிழல் தண்ணீரில் நீண்டுகொண்டே வரும். கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றுகிற யாராவது இருந்தால் பிள்ளைகளைக் கிட்டக் கூட்டிப் போ. நண்டின் பின்பக்கத்தை இரண்டு விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு, கொடுக்கில் சுற்றிய நூலை மற்றக் கையால் ஒவ்வொரு கண்ணாகப் பின்னுக்குத் தள்ளிக் கழற்றுவார். இழுக்க மாட்டார். இழுத்தால் கால் கழன்றுவிடும், கால் போன நண்டுக்கு விலை குறைவு. நீலக்கால் நண்டு அது. ஓட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகளும், கால்களில் அந்த நீலமும், வலையிலிருந்து வந்த ஈரம் காயும் முன்பு பார்க்க வேண்டும். கேட்டால் சொல்லித் தருவார்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேள். தொழில் செய்கிறவர்களைக் காட்சிப் பொருளாகப் பார்க்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும். தொப்பி நிற்காது. அந்தக் காற்று கிளப்பும் புழுதியும் உப்பு ஈரமும் வானத்தில் இருப்பதால் சூரியன் கீழே வர வர மஞ்சள் போய்ச் செம்மஞ்சளாகி, கடைசியில் கண்ணால் நேரே பார்க்கக்கூடிய சிவப்பு வட்டமாக வந்து நிற்கும். ஆனாலும் அது முழுதாக மங்கும்வரை பிள்ளைகளை உற்றுப் பார்க்க விடாதே. அடிவானத்தில் வட்டம் கீழ்ப்பக்கம் நசிந்து தெரிவதைக் கவனிக்கச் சொல். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் வருவது அது. விளிம்பு தண்ணீரைத் தொடுவதாக எங்களுக்குத் தெரிகிற நேரத்தில் உண்மையான சூரியன் ஏற்கெனவே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். வகுப்பில் கரும்பலகையில் கீறி விளங்கப்படுத்த எவ்வளவோ பாடுபட்ட விடயம் இது. அங்கே நின்றால் தானாக விளங்கும்.

ஓகஸ்டில் சூரியன் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி, யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பக்கமாக விழும். மார்கழியில் தென்மேற்கே, பூநகரி நிலத்தின் பக்கம் போய்விடும். மாரியில் வந்தால் பறவைகளையும் பார்க்கலாம். பூநாரைகள் கூட்டமாக இறங்குவது அந்தக் காலத்தில்தான். மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டதற்கு இந்த வலசைப் பறவைகளும் ஒரு காரணம். ஓகஸ்டில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம், பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வை.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். சூரியன் மறைந்ததும் எல்லோரும் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். நீ ஏறாதே. மேற்கு வானம் அதற்குப் பிறகுதான் முழுதாக நிறம் கொள்ளும், மேகத்தின் அடிப்பக்கம் எரியத் தொடங்கும். அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பி நில். கிழக்கே, நீரேரியின் மறு அந்தத்தில், சாம்பலும் நீலமும் கலந்த ஒரு பட்டை அடிவானத்தை ஒட்டி எழுந்து வரும், அதற்கு மேலே மெல்லிய இளஞ்சிவப்பு. மேகம் என்று நினைப்பாய். அது பூமியின் நிழல். நாங்கள் நிற்கும் இந்த மண்ணின் நிழல்தான் வானத்தில் ஏறுகிறது.

அந்தத் திசையில்தான் கிளாலி இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவும் அடைபட்டு, இந்தப் பாதையும் அடைபட்டுக் கிடந்தபோது, குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வர இருந்த வழி கிளாலிக் கடல் ஒன்றுதான். பகலில் யாரும் துணிவதில்லை. பொழுது படும்வரை கரையில் காத்திருந்து, இருட்டிய பிறகு வள்ளங்களில் ஏறினார்கள். எத்தனையோ பேர் அந்தத் தண்ணீரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சித்தி உன்னை மடியில் வைத்துக்கொண்டு, நீ அழுதுவிடாமல் இருக்க வாயில் கற்கண்டைத் திணித்தபடி வந்ததைப் பல தடவை சொல்லியிருக்கிறார். நீ அதை மறந்திருக்கலாம். சித்தி மறக்கவில்லை. சங்கப் பாட்டில் கடற்கரை நிலமான நெய்தலுக்கு எற்பாட்டை, அதாவது வெயில் சாயும் நேரத்தை, பொழுதாகவும் இரங்கலை உரிப்பொருளாகவும் வைத்தவர்கள் கடற்கரை மாலையை அறிந்தவர்கள் என்று அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நினைப்பேன். எங்கள் தாய்மார் இதே வானத்தைப் பார்த்தார்கள். அழகு தெரியாமல் பார்க்கவில்லை. எப்போது இருட்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவையாக இருந்தது.

உன் பிள்ளைகளுக்கு வன்னி என்றால் காணொளிகளில் கண்ட இறுதிப் போர்தான் தெரியும் என்று நீயே சொன்னாய். அதை அவர்கள் அறியத்தான் வேண்டும், நான் மறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிலத்தைச் சாவினால் மட்டும் அறிந்த பிள்ளை அதன் மேல் அன்பு வைப்பது கடினம். கிளாலியின் கதையைச் சொல்வதற்கும் இந்த மாலையைக் காட்டுவதற்கும் ஒரே இடம் போதும், ஒரே நேரம் போதும். எந்தப் பயிற்சிக் கொப்பியாலும் முடியாததை அந்த அரை மணித்தியாலம் செய்யும் என்று நான் முழுதாக நம்புகிறேன். இயலுமானால் சித்தியையும் கூட்டி வா. கதையை அவரே சொல்லட்டும்.

நேரம் இருந்தால் போகிற வழியில் பூநகரிக் கோட்டையையும் பார். போர்த்துக்கேயர் கட்டியது, பிறகு ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள். இடிந்த சுவர்கள்தான் மிச்சம், கால் மணித்தியாலம் போதும். கௌதாரிமுனை வேறு விடயம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். மேற்கே நீட்டிக்கொண்டு போகும் அந்த முனையில் உயர உயரமான மணல் மேடுகளும், மண்ணித்தலையில் மணலுக்குள் நிற்கும் பழைய சிவன் கோயிலின் இடிபாடும் இருக்கின்றன. திறந்த கடலில் பொழுது விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். வீதி எப்படி இருக்கிறது என்று சாரதி முன்பே விசாரிக்கட்டும். அந்த மணலை அள்ளிப் போகிறவர்களுக்கு எதிராக ஊர்ச்சனங்கள் குரல் கொடுத்து வருகிறார்கள். மணல் மேடு போனால் கடல் உள்ளே வரும், கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். அங்கே போகிறவர்கள் மேட்டில் வண்டி ஏற்றி விளையாடாமல் இருந்தாலே பெரிய உதவி.

இன்னொன்று. பரந்தன் சந்தியிலிருந்து கிழக்கே ஏ35 வீதி புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் வழியாக முல்லைத்தீவுக்குப் போகிறது. மாலையில் மேற்குக் கரையில் நின்றவர்கள் மறுநாள் விடியலைக் கிழக்குக் கரையில் பார்க்கலாம், இடையில் உள்ள தூரம் அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கடல் உள்ள நிலம் வன்னி என்பதை வரைபடத்தில் காட்டினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒரு மாலையும் ஒரு காலையும் காட்டினால் மறக்க மாட்டார்கள். அது அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

எங்கே நின்றாலும் பற்றைக்குள் பிள்ளைகளை இறங்க விடாதே. மிதிவெடி அகற்றும் வேலை இந்த மாவட்டத்தில் இன்னும் முழுதாக முடியவில்லை. ஒரு கைவிளக்கும், குப்பை போட ஒரு பையும் கொண்டு வா. விடுமுறை நாட்களுக்குப் பிறகு அந்த வீதியோரத்தில் பிளாஸ்ரிக் போத்தல்களும் சோற்றுப் பார்சல் தாள்களும் கிடப்பதைப் பார்க்க நெஞ்சு எரியும். காற்று அவற்றை நேரே தண்ணீருக்குள்தான் தள்ளும், பிறகு நண்டுக்குப் பதிலாக அவைதான் வலையில் வரும்.

சாப்பாட்டைப் பற்றி யோசிக்காதே. ஆவணியில் பனம்பழம் விழும். காலையிலேயே களி பிசைந்து பனங்காய்ப் பணியாரம் சுட்டு எடுத்து வருவேன். இரவுச் சாப்பாட்டுக்கு மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, நண்டுக் குழம்பு. பிள்ளைகளுக்கு உறைப்புக் குறைத்து வைக்கலாம். நீ வான்காரரிடம் பாதை மாறுவதைச் சொல்லி, எந்தத் திகதி என்று எனக்கு எழுது. கிளிநொச்சியில் வீதியோரத்தில் நிற்பேன், என்னையும் ஏற்றிக்கொண்டு போகலாம்.

அன்புடன்
அக்கா